ஸ்டெர்ன்டிரைவ் பெல்லோஸ் பிரச்சனை: எந்த அறிகுறி வந்தா எங்க பாக்கணும், எப்போ மாத்தணும்

போட்டுக்குள்ள தண்ணி ஏறுது, ஸ்டீயரிங் திருப்பினா பின்னாடி உறுமுது, கியரை நியூட்ரலுக்கு இழுத்தா இன்ஜின் நின்னுடுது. இந்த மூணையும் மூணு வேற வேற ரிப்பேர்னு நினைச்சுக்கிட்டு கார்புரேட்டர்லேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா மாத்திட்டு கடைசில எங்ககிட்ட வர்றவங்க வருஷா வருஷம் இருக்காங்க. கழட்டிப் பாத்தா பாதிக்கு மேல ஒரே இடம்தான், இன்ஜினுக்கும் டிரைவுக்கும் (போட்டுக்கு வெளில பின்பக்கம் தொங்கிக்கிட்டு புரொபெல்லரைச் சுத்துற பாகம், இதுதான் ஸ்டெர்ன்டிரைவ்) நடுவுல இருக்கிற அந்த மடிப்பு மடிப்பான ரப்பர், பெல்லோஸ்.

நான் வேலை பாக்கிறது கனடால ஒன்டாரியோ பக்கம், சிம்கோ ஏரி. இங்க அக்டோபர்ல போட்டை ஏத்தி மே மாசம் இறக்குவாங்க, அதனால எனக்கு இந்த வேலை மே, ஜூன்லதான் குவியும். கீழ எழுதறது எல்லாம் மெர்க்குரூசர் கம்பெனியோட ஆல்பா ஒன் ஜென் டூ டிரைவ், அதாவது 1991லேர்ந்து வந்த மாடலை வச்சு. அதே கம்பெனியோட இன்னொரு டிரைவான பிராவோவுக்கும் பெரும்பாலும் ஒத்துப் போகும், மாறுற இடத்துல சொல்றேன்.

ஆர்மோனியப் பெட்டியோட துருத்தி பாத்திருப்பீங்கல்ல, அதே மாதிரிதான் இருக்கும், ரப்பர்ல. மொத்தம் மூணு. மேல பெருசா இருக்கிறது யூ-ஜாயின்ட் பெல்லோஸ், இதுக்குள்ளதான் ஷாஃப்ட் சுத்துது, திருப்பும்போது அது மடங்கிச் சுத்த விடுற இணைப்புதான் யூ-ஜாயின்ட். அதுக்குக் கீழ புகை போற எக்ஸாஸ்ட் பெல்லோஸ். பக்கத்துல சின்னதா ஒண்ணு, கியர் மாத்துற கேபிள் போற ஷிஃப்ட் கேபிள் பெல்லோஸ். யூ-ஜாயின்ட்டும் ஷிஃப்ட் கேபிளும் கிழிஞ்சா தண்ணி உள்ள வரும், போட் மூழ்கும். எக்ஸாஸ்ட் கிழிஞ்சா மூழ்காது, ஆனா அதுல வேற ஆபத்து இருக்கு.

முதல்ல ஒண்ணு. போட் இப்போ தண்ணிலயே நிக்குது, உள்ள தண்ணி ஏறிக்கிட்டிருக்கு, பில்ஜ் பம்ப் (போட்டோட அடில, பில்ஜ்ல சேர்ற தண்ணியை வெளில தள்ற பம்ப்) தன்னால ஆன் ஆகி ஆஃப் ஆகுதுன்னா, இதைப் படிக்கிறதை நிறுத்திட்டு போட்டை மேல ஏத்துங்க. டிரெய்லரோ லிஃப்ட்டோ எது கிடைக்குதோ அது. "பம்ப் பாத்துக்கும்"னு ஒரு வாரம் விட்டுட்டுப் போனவர் ஒருத்தரை எனக்குத் தெரியும். பம்ப் நல்லாத்தான் ஓடிச்சு, பேட்டரி தீர்ற வரைக்கும். திரும்பி வந்து பாத்தப்போ கயிறு மட்டும் இழுத்துக்கிட்டு இருந்துச்சு, இன்ஜின் முழுக்கத் தண்ணிக்குள்ள. அதுக்கு முந்தின வாரமே நான் அவர்கிட்ட இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும், அது எனக்கு இன்னும் மனசுல நிக்குது.

அறிகுறி 1: கட்டி வச்ச போட்ல தண்ணி ஏறுது

இதுல வர்ற காரணங்களை விலை கம்மியானதுலேர்ந்து பாருங்க.

டிரெய்ன் பிளக் இறுக்கமா இருக்கா, அதோட வாஷர் நல்லா இருக்கா. அடுத்தது மழை. கவர்ல குழி விழுந்து அங்கேர்ந்து ஒழுகுற தண்ணியே வாளிக்கணக்குல சேரும், அதனால மழை இல்லாத ரெண்டு நாள் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. லைவ்வெல் (பிடிச்ச மீனை உயிரோட வைக்கிற தொட்டி) இருந்தா அதோட ஹோஸையும், பில்ஜ் பம்ப்போட அவுட்லெட் ஹோஸையும் ஒரு தடவை தடவிப் பாருங்க.

இதெல்லாம் சரியா இருந்தா பில்ஜை ஸ்பாஞ்ச் வச்சு முழுசா காய வைங்க. பாதி காஞ்சது போதாது, ஈரம் இருந்தா எங்கேர்ந்து வருதுன்னே தெரியாது. இன்ஜினுக்குப் பின்னாடி டிரான்ஸம், அதாவது போட்டோட பின்சுவர் பக்கம் பேப்பர் டவல் விரிச்சு வைங்க, போட்டை தண்ணில இறக்கி இன்ஜின் போடாம அரை மணி நேரம் டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டே இருங்க. பேப்பர்ல முதல்ல எங்க நனையுதுங்கிறதுதான் பதில்.

நடுவுல, இன்ஜின் கப்ளருக்கு (ஷாஃப்ட் இன்ஜினோட சேர்ற இடம்) கீழ நனைஞ்சா

யூ-ஜாயின்ட் பெல்லோஸ். தண்ணி பெல்லோஸுக்குள்ள நிறைஞ்சு, ஷாஃப்ட்டைத் தாங்குற ஜிம்பல் பேரிங்கைத் தாண்டி, அதுக்கு முன்னாடி இருக்கிற சீலையும் தாண்டித்தான் உள்ள வருது. அதனால இங்க சொட்டு சொட்டா வந்தாலும் சின்ன ஒழுக்குன்னு நினைக்காதீங்க, பேரிங் ஏற்கனவே தண்ணில ஊறிக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

ஷிஃப்ட் கேபிள் உள்ள வர்ற இடத்துல நனைஞ்சா

ஷிஃப்ட் கேபிள் பெல்லோஸ், இல்லன்னா கேபிளோட மேல் உறையே வெடிச்சிருக்கும். உறை வெடிச்சா தண்ணி கேபிளுக்கு உள்ளயே நடந்து வந்து போட்டுக்குள்ள இருக்கிற முனைல சொட்டும். அந்த முனையைத் துடைச்சிட்டு தனியா பாருங்க. பெல்லோஸ் மட்டும் மாத்தி கேபிளை விட்டுட்டீங்கன்னா ஒழுக்கு அப்படியே இருக்கும், இந்தத் தப்பை நான் நிறைய பாத்திருக்கேன்.

டிரான்ஸம் பிளேட் ஓரமா நனைஞ்சா

இது பெல்லோஸ் இல்ல, டிரான்ஸம் சீல். இன்ஜினை வெளில எடுக்கணும். சீல் ரொம்ப நாளா ஒழுகியிருந்தா உள்ள இருக்கிற மரப்பலகை உளுத்துப் போயிருக்கலாம், சின்ன சுத்தியலால தட்டினா கணீர்னு கேக்காம தொப்புனு கேக்கும். இங்கயே நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க.

ஓடும்போது மட்டும் ஏறுது, நின்னா ஏறல

பெரும்பாலும் பெல்லோஸ் இல்ல. இன்ஜின் கூலிங் ஹோஸ், சர்குலேட்டிங் பம்ப், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கம் பாருங்க.

போட் ஏற்கனவே தரைல இருக்குன்னா கண்ணால பாக்கிறதுதான் வழி. டிரைவை முழுசா மேல தூக்கி, ஒரு பக்கம் முழுசா திருப்பி, மடிப்பை விரலால விரிச்சு உள்பள்ளத்தைப் பாருங்க, அப்புறம் அடுத்த பக்கம். அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, போனை உள்ள நீட்டி வீடியோ எடுத்துப் பாருங்க, விரிசல் முக்கால்வாசி அங்கதான் இருக்கும். நகம் இறங்குற அளவுக்கு விரிசல் இருந்தாலோ, உள்ள நூல் தெரிஞ்சாலோ மாத்தணும், அதுக்கு மேல யோசிக்க ஒண்ணும் இல்ல. கிளாம்ப் துரு பிடிச்சு உடைஞ்சிருக்கான்னும் பாத்துக்கோங்க, ரப்பர் நல்லா இருந்தும் கிளாம்ப்னால ஒழுகினதும் உண்டு.

மடிப்புக்கோட்டுல இல்லாம கண்ட இடத்துல ஓட்டை, ஓரம் பிச்சுப் பிச்சா இருந்தா அது பல்லு. நாணலும் பாசியும் அடர்ந்த கரைல கட்டினா மஸ்க்ராட்ங்கிற நீர் எலி வந்து ரப்பரைக் கடிக்கும். புது பெல்லோஸையும் கடிக்கும், அதனால ரப்பர் மாத்தறதோட கட்டுற இடத்தையும் மாத்துங்க.

அறிகுறி 2: பின்னாடி உறுமல், கடகடன்னு சத்தம்

ஆல்பால நியூட்ரல்ல கூட ஷாஃப்ட் சுத்தும், அதனால இதைத் தரைலயே சோதிக்கலாம். புரொபெல்லரைக் கழட்டிடுங்க, மஃப் (டிரைவோட தண்ணி எடுக்கிற ஓட்டை மேல மாட்டுற ஹோஸ் கப்) மாட்டி தண்ணி விடுங்க, இன்ஜினை ஐடில்ல விட்டு ஒருத்தர் ஸ்டீயரிங்கை மெதுவா ரெண்டு பக்கமும் திருப்பட்டும், நீங்க டிரான்ஸம் கிட்ட காது குடுங்க. இன்ஜின் ஓடும்போது டிரைவை ரொம்ப மேல தூக்காதீங்க.

நேரா இருக்கும்போதே தொடர்ந்து உறுமினா

ஜிம்பல் பேரிங். முதல்ல கிரீஸ் அடிச்சுப் பாருங்க. ஜிம்பல் ஹவுசிங்கோட (டிரான்ஸம்ல வெளிப்பக்கம் இருக்கிற கூடு) வலது பக்கம், அதாவது ஸ்டார்போர்டு சைடுல வெளில ஒரு கிரீஸ் நிப்பிள் இருக்கும், ரெண்டு மூணு பம்ப் போதும். சத்தம் போயிட்டு திரும்ப வராம இருந்தா சந்தோஷம். ரெண்டு நாள்ல திரும்ப வந்தா பேரிங் போச்சு, கிரீஸ் அதை மூடி மறைக்குது அவ்வளவுதான். கிரீஸ் அடிக்கிறப்போ தண்ணி கலந்து துருக் கலர்ல ஏதாவது கசிஞ்சு வந்தா பெல்லோஸும் கிழிஞ்சிருக்கு.

திருப்பினாலோ லேசா தூக்கினாலோ டக் டக்னு அடிச்சா

யூ-ஜாயின்ட். டிரைவைக் கழட்டின பிறகு கையில பிடிச்சு ஒவ்வொரு கிராஸையும் ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தாலோ ஒரு இடத்துல பிடிச்சாலோ மாத்தணும். துரு கலர்ல தூள் வந்திருந்தா தண்ணி பாத்த பேரிங்னு அர்த்தம்.

பேரிங் போனதுக்கு பெல்லோஸ் காரணமா இருந்தா ரெண்டையும் சேத்துதான் மாத்தணும். பேரிங்கை மட்டும் மாத்திட்டு பழைய ரப்பரையே விட்டா அடுத்த சீசன்ல அதே பேரிங், அதே கூலி. பேரிங்கை எடுக்க ஸ்லைடு ஹேமர் புல்லர் வேணும், போடும்போது அதோட கிரீஸ் ஓட்டை ஹவுசிங் ஓட்டைக்கு நேரா வரணும், இல்லன்னா வெளிலேர்ந்து எவ்வளவு கிரீஸ் அடிச்சாலும் உள்ள போகாது.

பேரிங் புதுசு, யூ-ஜாயின்ட் நல்லா இருக்கு, ஆனாலும் சத்தம்

அலைன்மென்ட் போயிருக்கும், இல்ல இன்ஜின் கப்ளர். அலைன்மென்ட் பாரை (இன்ஜின் நேரா இருக்கான்னு பாக்கிற கம்பி) பேரிங் வழியா கப்ளருக்குள்ள விடுங்க. ரெண்டு விரலால தள்ளினா போகணும். போகலன்னா பாரை மேல கீழ இடம் வலம்னு லேசா தட்டி பேரிங்கை நேராக்கிட்டு திரும்ப விடுங்க. அப்பவும் போகலன்னா முன்பக்க இன்ஜின் மவுன்ட் நட்டை வச்சு இன்ஜினை ஏத்தி இறக்கணும். கொஞ்சம் கொஞ்சமா, ஒவ்வொரு தடவையும் பாரை விட்டுப் பாத்துத்தான் செய்யணும். மவுன்ட்ல அட்ஜஸ்ட்மென்ட்டே மிச்சம் இல்லன்னா மவுன்ட் உக்காந்திருக்கு, இல்ல கீழ இன்ஜினைத் தாங்குற ஸ்ட்ரிங்கர் மரம் போயிருக்கு. அது ஆள் கூப்பிட வேண்டிய இடம்.

அறிகுறி 3: கியர் இறுகுது, நியூட்ரலுக்கு வந்தா இன்ஜின் நிக்குது

இதுக்குத்தான் ஜனங்க காசை அதிகமா வீணாக்குறாங்க. இன்ஜின் நிக்குதுன்னதும் கார்புரேட்டர், ஐடில், இக்னிஷன்னு போறாங்க. ஆல்பால கியர் கழலும்போது ஒரு ஸ்விட்ச் இன்ஜின் ஸ்பார்க்கை ஒரு நொடிக்கும் கம்மியா துண்டிக்கும், கியர் சுலபமா விடுபடட்டும்னு. கீழ் ஷிஃப்ட் கேபிள் தண்ணி பட்டு இறுகினா அந்த ஸ்விட்ச் அழுந்தினபடியே நிக்கும், இன்ஜின் செத்துடும். பிராவோல வேற மாதிரி கியர் அமைப்பு, அதனால இந்தப் பத்தி அதுக்கு இல்ல.

சோதனை சுலபம், காசு இல்லாதது. சாவியை எடுத்துடுங்க. இன்ஜின் மேல இருக்கிற ஷிஃப்ட் பிளேட்ல ரெண்டு கேபிள் வந்து சேரும், ஒண்ணு கையால தள்ற லீவர்லேர்ந்து, இன்னொண்ணு கீழ டிரைவுக்கு. ரெண்டையும் கழட்டுங்க.

லீவர் தனியாவே இறுகுதுன்னா மேல் கேபிள், இல்ல கன்ட்ரோல் பாக்ஸ். பெல்லோஸுக்கு சம்பந்தமில்ல, சந்தோஷமா அந்தக் கேபிளை மாத்திட்டுப் போங்க.

கீழ் கேபிளை கையால இழுத்துத் தள்ளும்போது இன்னொருத்தர் புரொபெல்லரைக் கையால சுத்தட்டும். வழவழன்னு போகணும். சொரசொரன்னு பிடிச்சா கீழ் கேபிள். இதுக்கு எண்ணெய் விட்டு ஓட்டாதீங்க, ஒரு மாசம் கூட தாங்காது, டாக்குக்கு வரும்போது கியர் கழலாம நேரா போய் இடிச்சவங்க இருக்காங்க. கேபிளும் அதோட சின்ன பெல்லோஸும் புதுசா போடணும். கேபிள் மாத்த டிரைவை எடுத்தாகணும், டிரைவை எடுத்தாச்சுன்னா மூணு பெல்லோஸையும் மாத்திடுங்க. ரப்பரோட விலையைவிட கழட்டி மாட்டுற நேரம்தான் பெருசு, ஒண்ணை மட்டும் மாத்தறது கணக்குக்கே வராது.

கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் மேனுவல்ல இருக்கிற அளவுப்படி அதுக்குன்னு இருக்கிற டூலை வச்சே செய்யணும். கண்ணளவுல செஞ்சா கியர் பாதிதான் பிடிக்கும், பாதி பிடிச்ச கியரோட பல் கொஞ்ச நாள்ல தேஞ்சு போகும், அப்புறம் லோயர் யூனிட் செலவு. டூல் இல்லன்னா இந்த ஒரு வேலைக்காவது மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

அறிகுறி 4: எக்ஸாஸ்ட் சத்தம் திடீர்னு பெருசா கேக்குது, பின்னாடி புகை வாசம்

எக்ஸாஸ்ட் பெல்லோஸ் கிழிஞ்சிருக்கும், இல்ல ஒரு பக்கம் கழண்டிருக்கும். சூடு படுறதால மூணுல இதுதான் சீக்கிரம் போகும். போட் மூழ்காதுங்கிறதால பலர் விட்டுடறாங்க. ஆனா புரொபெல்லர் வழியா தண்ணிக்குள்ள போக வேண்டிய புகை அங்கயே மேல வருது, அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கு. பின்னாடி நீச்சல் பிளாட்ஃபார்ம்ல பிள்ளைங்க உக்காந்திருக்கும்போது இன்ஜின் ஐடில்ல ஓடினா அது உயிருக்கே ஆபத்து. கிழியாத போட்லயும் அப்படி உக்கார விடக் கூடாது, கிழிஞ்சதுல கேக்கவே வேணாம்.

பெல்லோஸுக்குப் பதிலா ஒரே பக்கம் மட்டும் கிளாம்ப் போடுற எக்ஸாஸ்ட் டியூப் ஒண்ணு இருக்கு. மாட்டுறது சுலபம், கிழியறது குறைவு, ஆனா மெதுவா போகும்போது சத்தமும் புகையும் கூட இருக்கும். குடும்பத்தோட போற போட்டுக்கு நான் பெல்லோஸ்தான் போடுவேன்.

அறிகுறி 5: டிரைவ் ஆயில் குறையுது, தண்ணி மேல எண்ணெய்ப் படலம் இல்ல

இன்ஜின் கிட்ட இருக்கிற டிரைவ் ஆயில் பாட்டில் இறங்கிக்கிட்டே போகுது, வெளில ஒண்ணும் தெரியலன்னா எண்ணெய் யூ-ஜாயின்ட் பெல்லோஸுக்குள்ள போகலாம், இன்புட் ஷாஃப்ட் சீல் வழியா. பெல்லோஸ் நல்லா இருக்கிறதாலதான் வெளில தெரியல. டிரைவைக் கழட்டினதும் உள்ள எண்ணெய் குளமா நிக்கும். சீல் மாத்த கியர் ஹவுசிங்ல கை வைக்கணும், இது வீட்டு வேலை இல்ல. ஆயில் பால் கலர்ல இருந்தா டிரைவுக்குள்ளயே தண்ணி போகுது, அதுக்கு பிரஷர் டெஸ்ட்தான்.

அறிகுறி 6: இன்ஜின் சூடாகுது

முதல்ல இம்பெல்லர் (கூலிங் தண்ணி பம்ப்புக்குள்ள சுத்துற ரப்பர் சக்கரம்), ஆல்பால அது டிரைவுக்குள்ள இருக்கு. இம்பெல்லர் புதுசு, ஆனாலும் சூடுன்னா பெல் ஹவுசிங்லேர்ந்து (டிரைவ் வந்து மாட்டுற கூடு) உள்ள போற தண்ணி ஹோஸைப் பாருங்க, வெடிச்சோ மடங்கியோ இருக்கும். சமீபத்துல பெல்லோஸ் மாத்தின போட்னா மடங்கினதாத்தான் இருக்கும்.

அறிகுறி 7: பெல்லோஸ் மாத்தியாச்சு, ஆனாலும் ஒழுகுது

இதுக்குத்தான் எனக்கு போன் அதிகமா வரும், அதனால மாத்தும்போது எங்க தப்பு நடக்குதுன்னு வரிசையாவே சொல்லிடறேன்.

டிரைவ் எடுக்கிறதுக்கு முன்னாடி ஆல்பான்னா கியர் ஃபார்வர்டுல இருக்கணும், பிராவோன்னா நியூட்ரல்ல. டிரிம் சிலிண்டர்களைப் பின்பக்கம் கழட்டி, ஆறு நட்டை எடுத்து, டிரைவை ஜாக்கி வச்சோ ரெண்டு பேராவோ நேரா பின்னாடி இழுங்க. அப்புறம் பெல் ஹவுசிங். அது ரெண்டு ஹின்ஜ் பின்ல தொங்குது, அதுக்குன்னு தனி பிட் இருக்கு, சாதாரண ஆலன் கீயால முயற்சி பண்ணினா உள்தலை வழுக்கிடும். சூடு காட்டியும் அசையலன்னா நிறுத்திடுங்க. வழுக்கின பின்னை எடுக்க ஆகற செலவு முழு பெல்லோஸ் வேலையோட செலவுக்குப் பக்கத்துல வந்துடும்.

பழைய பசை. பெல்லோஸ் உக்கார்ற விளிம்புல ஒட்டியிருக்கிற பழைய பசையும் வெள்ளையா பூத்திருக்கிற அரிப்பும் முழுசா போகணும். அலுமினியம் பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்ச்சு, சால்வென்ட்ல துடைச்சு, காய விடுங்க. இந்த வேலைல பாதி நேரம் இதுக்கே போகும், போகட்டும். விளிம்புல ஆழமா குழி விழுந்திருந்தா எந்த ரப்பரும் சீல் ஆகாது, அந்தப் பாகத்தையே மாத்தணும்.

புதுப் பசை. பெல்லோஸ் அட்ஹெசிவ்னு கிடைக்கிறதை மட்டும் போடுங்க, சிலிக்கான் வேணாம். பெல் ஹவுசிங் பக்கம் விளிம்புலயும் ரப்பர்லயும் தடவிட்டு விரல்ல ஒட்டாத அளவுக்கு காய விட்டு அப்புறம் அழுத்தணும். ஈரமா இருக்கும்போதே மாட்டினா வழுக்கி நகரும், கிளாம்ப் இறுக்கும்போது இன்னும் நகரும்.

கிளாம்ப். பழசை திரும்பப் போடாதீங்க. ஸ்க்ரூ தலை பக்கத்து பெல்லோஸை உரசாத இடத்துல வரணும், டிரைவை ரெண்டு பக்கமும் திருப்பி, மேல தூக்கிப் பாத்துட்டே இறுக்குங்க. கிளாம்புக்கு அடில போடுற சின்ன கிரவுண்டிங் கிளிப் சில பேர் மறந்துடறாங்க, சில பேர் கோணலா போட்டு ரப்பரை வெட்டிடறாங்க.

ஜிம்பல் ஹவுசிங் பக்கம்தான் பெரும்பாலான ஒழுக்கு. அடிப்பக்கம் ரப்பர் விளிம்பு பள்ளத்துல முழுசா உக்காராம பாதில நிக்கும், வெளிலேர்ந்து பாத்தா அழகா தெரியும். டிரைவை மாட்டுறதுக்கு முன்னாடி கையை உள்ள விட்டு சுத்தி ஒரு முழு வட்டம் தடவிப் பாருங்க, எங்கயாவது மேடு தட்டினா கிளாம்பைத் தளர்த்தி திரும்ப உக்கார வைங்க. இந்த ஒரு நிமிஷம் தடவிப் பாத்திருந்தா எனக்கு வந்த போன்ல பாதி வந்திருக்காது.

எக்ஸாஸ்ட் பெல்லோஸுக்கு எக்ஸ்பேண்டர் டூல் வேணும். ஸ்க்ரூடிரைவரால நெம்பி ஏத்தினா புது ரப்பரே கிழியும். ஷிஃப்ட் கேபிள் பெல் ஹவுசிங்ல நுழையற நட்டுக்கு திரெட் சீலன்ட் போட மறந்தா அங்கயும் ஒழுகும். டார்க் ரெஞ்ச் கண்டிப்பா வேணும்: ஆல்பால ஹின்ஜ் பின் 95 அடி-பவுண்டு, டிரைவ் நட் 50 அடி-பவுண்டு. டிரைவை மாட்டுறதுக்கு முன்னாடி அலைன்மென்ட் பார் ஒரு தடவை விட்டுப் பாருங்க, ஷாஃப்ட் ஸ்ப்ளைன்ல கிரீஸ் தடவுங்க, டிரைவுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவுல கேஸ்கெட் புதுசு. இம்பெல்லரும் இதே சமயத்துலயே.

மாத்தின பிறகு போட்டை நிறுத்தி வைக்கும்போது டிரைவை கீழ இறக்கி வைங்க. மாசக்கணக்குல மேல தூக்கியே வச்சா ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி, இன்னொரு பக்கம் இழுத்துக்கிட்டே இருந்து அந்த மடிப்புலயே விரிசல் விடும். குளிர் ஊருக்கு இன்னொண்ணு, உள்ள தண்ணி நின்னு உறைஞ்சா பேரிங்கும் சேந்து போயிடும், அதனால ஏத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே கிழிசலைப் பாத்துடுங்க, வசந்தத்துக்குத் தள்ளாதீங்க. நான் விரிசல் இருக்கோ இல்லையோ அஞ்சு வருஷத்துல மூணையும் மாத்திடுவேன். ரப்பர் மேல எண்ணெய், கிரீஸ், ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீங்க, சோப்புத் தண்ணி போதும்.

முதல் தடவை இறக்கும்போது டிரெய்லர் பட்டையைக் கழட்டாம போட்டை மிதக்க விட்டு இருபது நிமிஷம் டிரான்ஸம் பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. காஞ்சிருந்தா பட்டையைக் கழட்டுங்க, ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து திரும்பவும் பாருங்க. அன்னிக்கு ராத்திரி போட்டை தண்ணில விடாம மேல ஏத்திடுங்க, மறுநாள் இறக்கி இன்னொரு தடவை காஞ்சிருக்குன்னு பாத்த பிறகு ஸ்லிப்ல (டாக்ல போட் நிறுத்துற இடம்) கட்டலாம்.